வீடு சுற்றிவந்த சோள மா

1. சட்டி நிறைந்த படம்

பெப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பெரிய அலுமினியச் சட்டி, அதன் விளிம்பு வரைக்கும் சோளக் கஞ்சி. பின்னால் தலைக்கு வலைத்தொப்பி போட்ட ஒரு பெண், அகப்பையை நிமிர்த்திப் பிடித்தபடி, இராணுவ அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்கிறார். எல்லாம் நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. குறை ஒன்றுதான். கஞ்சி குடிக்கப் பிள்ளைகள் இல்லை. மூலையில் ஒரு பாயில் நாலைந்து பேர் இருந்து, படம் எடுத்தவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே பாதிக் கூரையும் இல்லை. அதற்கு முந்திய கிழமை அடித்த புயல் அதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

படம் வந்த இடம் ஆபிரிக்காவில் மலாவி. ஏரிக்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தின் பாலர் நிலையம். நான் நின்ற இடம் ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன். ஒரு கிண்டர்கார்டன் சமையலறை. கையில் கரட் சீவும் கத்தி.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அகதியாக இங்கே வந்த நான் முதலில் ஓர் இத்தாலியக் கடையில் பல வருடம் பிட்ஸா போட்டேன். படிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆட்கள் வாயில் வருகிற பேச்சைப் பொறுக்கி மனதில் போட்டு வைப்பதுதான் என் படிப்பு. அந்த முதலாளி, "தக்காளிக்குக் கோவம் வரமுதல் அடுப்பில இருந்து இறக்கு" என்பார். அந்த ஒரு வசனத்தால் எத்தனையோ சட்டி அடிப்பிடிக்காமல் தப்பியிருக்கிறது. பிறகு கிண்டர்கார்டனில் சமையல் வேலை கிடைத்தது. அங்கே தலைவியாக இருந்தவர் ஃப்ராவ் ப்ராண்ட். ஃப்ராவ் என்றால் இங்கே திருமதி, ஹெர் என்றால் திரு. அவர் ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல், பிள்ளைகளின் பெற்றோரைச் சேர்த்து ஒரு ஃபெரைன் தொடங்கினார். சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலாவியின் அந்தப் பாலர் நிலையத்துக்கு உதவுவதுதான் சங்கத்தின் வேலை. சமையல் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னையும் நிர்வாகத்தில் இருத்திவிட்டார். வரலாமோ என்று அவர் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த நிலையம் எங்கள் நிலையம் அல்ல. கிராமத்துத் தாய்மார் தாங்களே செங்கல் அறுத்துக் கட்டியது. தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்து, பள்ளிக்கூடம் போக வயது வராத பிள்ளைகளை அங்கே இருத்தி, எண்ணவும் பாடவும் கதை சொல்லவும் பழக்கினார்கள். படிப்பித்தவர்களும் ஊர்ப்பெண்கள்தான், சம்பளம் இல்லை. நாங்கள் பின்னால் போய், கூரைக்குத் தகரமும் பாய்களும் கொடுத்து, படிப்பிப்பவர்களுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்தோம். எங்கள் சுவரொட்டியைப் பார்த்தால் மலாவியையே நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று தோன்றும்.

இன்னொன்று. ஜேர்மன்காரர் ஜேர்மனில் சொன்னதையும், மலாவிக்காரர் இங்கிலீஷில் சொன்னதையும் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். ஃப்ராவ் ப்ராண்ட் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குணத்துக்குப் பொருந்தும்.

படம் வந்த கையோடு அவர் அழைத்தார்.

"ஹெர் குணா, படத்தைப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"பிள்ளையள் எங்க?"

"சாப்பிட்டிட்டுப் போட்டினமாக்கும்."

"சட்டி நிரம்பிக் கிடக்கு."

"ஓம். அதைத்தான் நானும் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

2. ஒழுங்காய்ச் செய்த உதவி

கஞ்சியின் கதை இரண்டு வருடத்துக்கு முந்தியது.

அதுவரைக்கும் அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு வீடும் ஒரு கோப்பை சோள மாவோ, ஒரு பிடி நிலக்கடலையோ கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு தாய் முறை வைத்துச் சமைக்க வேண்டும். ஃப்ராவ் ப்ராண்ட் ஒரு தடவை அங்கே நேரில் போய் இதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் நிர்வாகக் கூட்டத்தில் அழுதார்.

"வீட்டில சாப்பாடு குறைஞ்ச சனம் கிண்டர்கார்டனுக்கு மா கட்டவேணுமோ? இஞ்ச நாங்கள் பெற்றோரிட்ட காசு வாங்கக் கூடாது எண்டு எவ்வளவு காலம் சண்டை பிடிச்சனாங்கள்?"

எல்லோருக்கும் நெஞ்சு உருகிவிட்டது. பொருளாளர் ஹெர் வெபர்கூட கேக் வெட்டுவதை நிறுத்தினார். இவர் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கூட்டம் ஒவ்வொன்றுக்கும், நீலப்பூப் போட்ட தன் வீட்டுத் தட்டில் ஒரு கேக் கொண்டுவருவார். அது எந்த பேக்கரியில் எந்தத் தட்டில் இருந்த கேக் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

தீர்மானம் இதுதான்: இனி ஒரு தாயும் மா கொண்டுவரத் தேவையில்லை. சத்து மா மூட்டையாக வரும். ஒரு சமையல்காரிக்குச் சம்பளம் கொடுத்து வைப்போம். தாய்மார் நிம்மதியாக இருக்கட்டும்.

"செய்தால் ஒழுங்காய்ச் செய்வம், இல்லாட்டி வேண்டாம்" என்றார் ஃப்ராவ் ப்ராண்ட். அவர் வாயில் அடிக்கடி வரும் வசனம் அது. அவருடைய கல்லறையில் பொறிப்பார்கள் என்று நான் ஒரு தடவை அவரிடமே சொன்னேன். பொறிப்பதையும் ஒழுங்காகப் பொறிக்கவேணும் என்றார்.

ஒழுங்கு என்றால் எங்கள் சங்கத்து ஆட்களுக்கு என்னவென்று இங்கே சமையலறையில் நின்றவர்களுக்குத் தெரியும். இங்கே கிண்டர்கார்டனில் சமைக்கிற ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு கரண்டி எடுத்து, பெயர் ஒட்டி, குளிர்ப்பெட்டியில் உறையவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயிற்றுக்குள் ஏதும் செய்தால் சோதிப்பதற்கு. ரூக்ஸ்டெல்ப்ரோப என்று அதற்குப் பெயர். நிர்வாகம் அதையும் மலாவிக்கான சமையல் குறிப்பில் சேர்த்துவிட்டது. கரண்ட் இல்லாத ஊருக்கு, கஞ்சியை உறையவைக்கச் சொல்லி ஆலோசனை. அங்கிருந்து மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: "உறையவைக்க ஆயத்தமாக இருக்கிறோம். குளிரை எப்போது அனுப்புவீர்கள்?"

எழுதியவர் எஸ்தர். தாய்மார் குழுவின் தலைவி. ஊரில் அவரை அமாயி எஸ்தர் என்பார்கள். அமாயி என்றால் அம்மா. அந்த ஒரு வரியைப் படித்த நாளே எனக்கு அந்த மனிசியைப் பிடித்துவிட்டது.

வலைத்தொப்பி போய்ச் சேர்ந்தது. மா போய்ச் சேர்ந்தது. லூசி என்ற ஊர்ப்பெண் சமையல்காரியாக வந்தார். எங்கள் சுவரொட்டியில் ஒரு பிள்ளை கஞ்சிக் கோப்பையுடன் சிரித்தது. ஊரில் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

3. கூரை ஆருக்கு

படம் வந்த கிழமையே நிர்வாகம் கூடியது. கேக் இருந்தது. சிரிப்பு இல்லை.

ஹெர் வெபர் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல ஏலாது. "கூரை பறந்திட்டுது. திரும்பப் போடவேணுமெண்டால் எங்கட கையில இருக்கிறது முழுக்கப் போகும். பிள்ளையள் வராத வீட்டுக்குக் கூரை எதுக்கு? மற்றக் கிராமம் ஒண்டு எங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கு. அங்க பிள்ளையள் இருக்கினம்."

"இஞ்சயும் இருந்தவை" என்றேன் நான்.

"இருந்தவையள் எங்க போனவை?"

எஸ்தரிடம் கேட்டால், "மழை" என்று எழுதுவார். அடுத்த மாதம், "தடிமன்" என்று எழுதுவார். பஞ்ச மாதம் அது. அறுவடைக்கு முன்னால் வீடுகளில் மாப்பானை அடி தெரியும் காலம். அப்படியான நேரத்தில் சும்மா கொடுக்கிற கஞ்சிக்குப் பிள்ளை வராமல் விடுமா? ஃப்ராவ் ப்ராண்ட் இரவு பகலாக இதையே யோசித்து முகம் வாடிப்போனார்.

முடிவில் இப்படி வைத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் உறுப்பினர்களின் ஆண்டுக் கூட்டம். எஸ்தரை அதற்கு அழைப்போம். அவர் வந்து பேசட்டும். அதன் பிறகு வாக்கு. வாக்கு எதிராகப் போனால் கூரை மற்றக் கிராமத்துக்கு. இந்த நிலையத்தின் சுவர்கள் அடுத்த மழைக்கு மண்ணாகக் கரையும். சுட்ட கல் அல்ல அது, வெயிலில் காயவைத்த கல்.

4. முறை இல்லாத ஊர்

எஸ்தரை ட்யூசல்டோர்ஃப் விமான நிலையத்தில் கூட்டிவரப் போனது நானும் என் மனைவி சறோவும். உயரமான மனிசி. ஜூன் மாதத்திலும் குளிருக்குக் கோட்டுப் போட்டிருந்தார். காரில் ஏறியதும் முதல் கேள்வி:

"குளிரை அனுப்பச் சொன்னனான். இஞ்ச வைச்சுக்கொண்டே இருந்தனீங்கள்?"

சறோ சிரித்த சிரிப்பில் நான் நெடுஞ்சாலையில் வெளியேறும் வழியை விட்டுவிட்டு அடுத்த ஊர் வரை போய்த் திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் கிண்டர்கார்டனைக் காட்டினோம். ஃப்ராவ் ப்ராண்ட் வேலியைக் காட்டினார், இலக்கம் அமத்தித் திறக்கிற கதவைக் காட்டினார், பிள்ளை உயரத்துக்கு வைத்த கைகழுவும் தொட்டியைக் காட்டினார். எஸ்தர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். தொட்டி அவருக்கு நன்றாகப் பிடித்தது. பிறகு வாசலில் போய் நின்றுகொண்டார். காலையில் தாய் தகப்பன்மார் சைக்கிளில் வந்து பிள்ளையை இறக்கி, கொஞ்சிவிட்டு, ஓடுகிற நேரம்.

"இவை எங்க போயினம்?" என்று என்னிடம் கேட்டார்.

"வேலைக்கு."

"எப்ப திரும்ப வந்து இருப்பினம்?"

"பின்னேரம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக."

"அதில்லை. அவையின்ர முறை எப்ப?"

"இஞ்ச முறை இல்லை அமாயி. சம்பளத்துக்கு ஆக்கள் இருக்கினம்."

எஸ்தர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற ஃப்ராவ் ப்ராண்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தொட்டி நல்ல வடிவு என்றார்.

கஞ்சியைப் பற்றி நாங்கள் மூன்று தரம் கேட்டோம். மூன்று தரமும் அவர் பதிலில் மழைதான் பெய்தது.

5. உப்பு

அந்தக் கிழமை எங்கள் கோயில் திருவிழா. கோயில் என்றால் கோபுரம் வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். பழைய தளபாடக் கிட்டங்கி, முன்பு மேசை கதிரை அடுக்கிவைத்திருந்த இடம். ஆனால் உள்ளே முறைகள் எல்லாம் ஊரில் உள்ளபடியே. திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூவும் பூசையும் வருகிற சனத்துக்கு அன்னதானமும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. பல வருடமாக அந்தந்த நாள் அந்தந்தக் குடும்பத்துக்கே. அதை இன்னொருவர் தொட ஏலாது. ஒருமுறை பலசரக்குக் கடை வைத்திருக்கும் மோகன், திருவிழா முழுக்கச் சாப்பாட்டைத் தானே தருகிறேன், ஒருவரும் கஷ்டப்பட வேண்டாம் என்று சொல்லப்போய், பவானி அக்காவிடம் வாங்கிக் கட்டினார். "நாங்கள் என்ன செத்தே போனம்?" என்று கேட்டார் அக்கா. இத்தனைக்கும் எல்லாக் குடும்பமும் அரிசி வாங்குவது மோகனின் கடையில்தான்.

எங்கள் நாள் அன்று எஸ்தரையும் ஃப்ராவ் ப்ராண்டையும் அழைத்திருந்தோம். சமையற்கட்டில் சறோ தலைமை. கிண்டர்கார்டனில் சமையல்காரன் நான்தான், ஆனால் கோயிலில் எனக்கு வெங்காயம் உரிக்கிற உத்தியோகம். எஸ்தர் கேட்காமலே கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு கத்தரிக்காய் வெட்ட இருந்துவிட்டார். ஃப்ராவ் ப்ராண்டுக்குக் கதிரை போட்டோம்.

எங்களுக்கு அடுத்த நாளின் உபயகாரி பவானி அக்கா. உதவி செய்ய வந்தவர் சாம்பாரை ஒரு துளி கையில் விட்டு நக்கிப் பார்த்தார். உப்புப் போத்தலை எடுத்தார். போட்டார். சறோ திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இண்டைக்கு ஆரின்ர உபயம்?"

"உன்ரதான் பிள்ளை. அதுக்காகச் சனம் உப்பில்லாமச் சாப்பிடுறதே?"

"நான் போட்டனான்."

"போட்டனியெண்டால் நாக்குக்குத் தெரியவேணுமெல்லோ."

"இருபது வருசமா இந்தச் சட்டிக்கு நான்தான் உப்புப் போடுறன். ஒருத்தரும் செத்ததில்லை."

"ருசியா இருந்ததெண்டும் ஒருத்தரும் சொன்னதில்லை."

"நாளைக்கு உங்கட சாம்பாருக்கு நான் ஒரு கிலோ உப்போட வாறன், இருந்து பாருங்கோ."

"வா. வரேக்க உன்ர மனுசனையும் கூட்டிக்கொண்டு வா. வெங்காயமெண்டாலும் ஒழுங்கா உரிக்கிறார்."

ஃப்ராவ் ப்ராண்ட் பயந்துவிட்டார். "பொலிசைக் கூப்பிடவேணுமோ?" என்று என் காதில் கேட்டார். எஸ்தர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, என்ன சண்டை என்றார். உப்புச் சண்டை என்று விளங்கப்படுத்தினேன். இன்று எங்கள் முறை, அந்த அக்காவின் முறை நாளைக்கு, முறை மாறி உப்பு விழுந்துவிட்டது என்றேன்.

எஸ்தர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்கட ஊரிலயும் உப்புக்குத்தான் சண்டை. உன்ர முறைக்குக் கஞ்சி கட்டி, என்ர முறைக்குத் தண்ணி எண்டு விடிஞ்சாப் பொழுதுபட்டாச் சண்டை. இப்ப ரெண்டு வருசமா ஒருத்தரும் சண்டை பிடிக்கிறதில்லை."

"அது நல்லதுதானே" என்றார் ஃப்ராவ் ப்ராண்ட்.

"இல்லை, அமாயி ப்ராண்ட். சண்டை நிண்டதோட பிள்ளையளும் நிண்டிட்டினம்."

பிறகு கத்தரிக்காய்க் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு முழுவதையும் சொன்னார். ஊருக்கும் நிலையத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் முழங்காலுக்கு மேலே தண்ணீர். மூன்று, நாலு வயதுப் பிள்ளைகள் தனியாகக் கடக்க முடியாது. அன்றைக்கு யாருடைய சமையல் முறையோ அந்தத் தாய், விறகைத் தலையில் வைத்துக்கொண்டு, வழியில் உள்ள வீடுகளைத் தட்டித் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். ஓடையில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடத்துவார். அன்று முழுக்க அங்கேயே இருந்து, கஞ்சி கொதிக்கும் நேரத்தில் கதை சொல்லுவார், பாட்டுப் படிப்பிப்பார். முறை நின்றதும் நடையும் நின்றது. சம்பளம் இல்லாமல் படிப்பித்த பெண்களும், சட்டி கிண்டுகிறவளுக்குச் சம்பளம், எங்களுக்கு வலைத்தொப்பியும் இல்லையோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"லூசி நல்ல பிள்ளை. ஆனால் அவள் சட்டிக்குத்தான் சம்பளம் வாங்கிறாள். ஓடைக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கேல்ல."

"அப்ப கஞ்சி?" என்று ஃப்ராவ் ப்ராண்ட் கேட்டார். "பசிக்கிற காலத்தில பிள்ளையளை அனுப்பாமல் விட்டதுக்குக் கஞ்சி காரணமில்லையே?"

"அதுவும்தான். முந்தி அது எங்கட கஞ்சி. ஒரு கோப்பை மா கொண்டுபோனவள் வாசலில நிண்டு, என்ர பிள்ளைக்கு ஏன் இன்னும் எண்ணத் தெரியேல்ல எண்டு கேப்பாள். இப்ப என்னெண்டு கேக்கிறது? ஜேர்மன்காரரின்ர கஞ்சி. பிள்ளையை அனுப்பினால் எங்கட வீட்டில ஒண்டும் இல்லையெண்டு ஊருக்குச் சொல்லுறமாதிரி."

ஃப்ராவ் ப்ராண்ட், "ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றார்.

எஸ்தர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் அழுதுகொண்டெல்லோ தந்தனீங்கள். அழுதுகொண்டு தாறவைக்கு வேண்டாமெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

ஃப்ராவ் ப்ராண்ட் எழும்பி, தன் பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். உபய நாளில் ஒருவர் சாப்பிடாமல் போவது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாது. சறோ ஒரு பெட்டியில் சோறும் சாம்பாரும் கறியும் கட்டி, அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வரச் சொன்னாள். வைத்தேன். மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. கூட்டம் வரைக்கும் தொலைபேசியும் எடுக்கவில்லை.

6. நீலப்பூத் தட்டு

ஆண்டுக் கூட்டம் கிண்டர்கார்டன் விளையாட்டு அறையில் நடந்தது. பெரிய ஆட்கள் எல்லாம் பிள்ளைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியில் இடிக்க இருந்தார்கள். அந்தக் கோலத்தில் இருந்துகொண்டு ஒருவர் ஓர் ஊரின் விதியைத் தீர்மானிப்பது எனக்கு எப்போதும் சிரிப்புத்தான். அன்று சிரிப்பு வரவில்லை. ஃப்ராவ் ப்ராண்ட் கடைசியாக வந்து கரையில் இருந்தார். யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அவர் கூரைக்குக் கை உயர்த்தாவிட்டால் வேறு யாரும் உயர்த்தமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

எஸ்தர் எழுந்தார். சுற்றிவளைக்கவில்லை.

"கூரைத் தகரத்தைத் தாங்கோ. அது எங்களால ஏலாது. மா மூட்டையை நிப்பாட்டுங்கோ. சமையல் சம்பளத்தை நிப்பாட்டுங்கோ. லூசி, சட்டியோட தனியக் கதைச்சுக் கதைச்சுக் களைச்சுப்போனாள். அவளைப் படிப்பிக்கிற பயிற்சிக்கு அனுப்பினால் போவாள். நாங்கள் பழையபடி முறை வைச்சுச் சமைப்பம்."

"பஞ்ச மாதங்களில?" என்று ஒரு தாய் கேட்டார்.

"அந்த மாதங்களுக்கு மட்டும் மா வேணும்தான். ஆனால் சட்டிக்கு வேண்டாம். எங்கட குழுவுக்கு அனுப்புங்கோ. நாங்கள் வீடு வீடாப் பங்கு போட்டுக் குடுப்பம். அவை அதில இருந்து தங்கட முறைக்கு ஒவ்வொரு கோப்பை கொண்டு வருவினம்."

ஹெர் வெபர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிசம். மூட்டையில இருந்து வீட்டுக்கு. வீட்டில இருந்து கோப்பையில திரும்ப அதே சட்டிக்கு. அதே மாதானே?"

"இல்லை" என்றார் எஸ்தர். "அது வீடு சுற்றிவந்த மா."

"மா மாதானே, அம்மா. சுற்றினாலும் சுற்றாட்டிலும். நன்கொடை தந்த ஆக்களுக்கு நான் என்னெண்டு எழுதுறது? குறைச்சு உதவி செய்தம், அதால கூட நன்மை வந்தது எண்டோ?"

சில பேர் சிரித்தார்கள். எஸ்தருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் தன் ஊரில் விளக்கம் தேவைப்படாத ஒன்றை எந்தப் பக்கத்தில் இருந்து விளக்குவது என்று நின்றார். மோகனின் கடை அரிசியைச் சொல்லலாமோ என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் கரையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"ஹெர் வெபர்."

ஃப்ராவ் ப்ராண்ட் எழும்பி நின்றார். மேசையில் இருந்த நீலப்பூத் தட்டைக் கையில் எடுத்தார்.

"இந்தக் கேக் எங்க வாங்கினது?"

ஹெர் வெபரின் காது சிவந்தது. "இது... வீட்டில இருந்து கொண்டு வந்தது."

"வீட்டில இருந்துதான். அதுக்கு முதல் சந்திப் பேக்கரியில இருந்தது. எங்கள் எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருசமும் தெரியும்."

அவர் தட்டை ஹெர் வெபருக்கு நேரே நீட்டினார்.

"பேக்கரிக் கடதாசிப் பெட்டியோட நீங்கள் கொண்டுவந்து வைச்சிருந்தால் நாங்கள் ஒரு துண்டு எடுத்திருப்பம், அவ்வளவுதான். நீங்கள் உங்கட தட்டில மாத்தி வைச்சுக் கொண்டு வாறியள். அதாலதான் நாங்கள், ஹெர் வெபரின்ர கேக் எண்டு சொல்லிச் சாப்பிடுறம். அதே மாதான். அதே சீனிதான்." தட்டை மெல்ல மேசையில் வைத்தார். "இவ்வளவு காலமும் அந்தச் சனத்தின்ர தட்டை நான் பறிச்சு வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்."

பிறகு கை உயர்த்தினார். வாக்கு இன்னும் அறிவிக்கப்படவில்லை. அவர் பாட்டுக்கு உயர்த்தினார். ஒவ்வொரு கையாக மேலே வந்தது. கடைசியாக ஹெர் வெபர் உயர்த்தினார். உயர்த்திய கையை இறக்காமலே கேட்டார்:

"சுவரொட்டியில கஞ்சி குடிக்கிற பிள்ளையை என்ன செய்யிறது?"

"ஒழுங்காய் விளங்கப்படுத்துவம்" என்றார் ஃப்ராவ் ப்ராண்ட்.

அன்று கேக்கில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. போகும்போது ஃப்ராவ் ப்ராண்ட் என் கையில் ஒரு பெட்டியைத் தந்தார். சறோ கட்டிக் கொடுத்த சோற்றுப் பெட்டி, கழுவித் துடைத்து, உள்ளே அவர் தோட்டத்துச் செரிப்பழம் நிரப்பி. "சறோவுக்குச் சொல்லுங்கோ, சாம்பாருக்கு உப்புக் காணாது எண்டு" என்றார். சொன்னேன். பவானி அக்கா சொல்லிக்கொடுத்தது என்று சறோ இன்றைக்கும் நம்புகிறாள்.

7. அடுத்த பெப்ரவரி

கூரை போட்டாயிற்று. நன்கொடை தந்தவர்களில் சிலர் விலகிப்போனார்கள் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. சிரிக்கும் பிள்ளை இல்லாத சுவரொட்டிக்கு அவ்வளவு வரவேற்பு இல்லை. ஹெர் வெபர் எழுதிய விளக்கக் கடிதத்தை விலகியவர்கள் வாசித்தார்களோ தெரியாது. வாசித்த ஒருவர், ஒரு பேக்கரி முதலாளி, வழமையை விடக் கூடத் தந்தார்.

அடுத்த பெப்ரவரியில் எஸ்தரிடமிருந்து மீண்டும் ஒரு செய்தி வந்தது. இந்தத் தடவை படம் அல்ல, வீடியோ. எடுத்தவரைப் பிள்ளைகள் இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். ஒரு நேரம் கூரை தெரிந்தது, ஒரு நேரம் யாருடையவோ கால். தகரத்தில் மழை கொட்டுகிறது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண முடியாது, ஒன்று மற்றதன் மேல் ஏறி நிற்கிறது. முழங்கால் வரைக்கும் நனைந்த ஒரு தாய் இடுப்பில் சுற்றிய துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். லூசி தலையில் தொப்பி இல்லாமல், பாட்டுச் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறார். ஏனென்றால் சட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஒருவர் அகப்பையை ஓங்கிக் காட்டுகிறார்.

ஃப்ராவ் ப்ராண்ட் அழைத்தார்.

"ஹெர் குணா, வீடியோ பாத்தனீங்களோ?"

"ஓம்."

"அவை என்ன சொல்லிச் சண்டை பிடிக்கினம்?"

"அந்தப் பாசை எனக்குத் தெரியாது. உப்பு எண்டுதான் நினைக்கிறன்."

அந்தப் பக்கத்தில் கொஞ்சநேரம் மழைச் சத்தமும் கத்தலும் மட்டும் கேட்டது. அவர் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் சிலர் இப்படியான சங்கங்களில் வேலைக்குச் சேருகிறார்கள். நல்ல படிப்பு, நல்ல இங்கிலீஷ். வேலை எப்படி நடக்கிறது என்று தூரத்தில் இருந்து எப்படி அறிவது, அண்ணை, என்று கேட்கிறார்கள். நான் ஒன்றுதான் சொல்வேன். படம் அனுப்பச் சொன்னால் எவரும் சட்டியைத் துடைத்து வைத்துத்தான் எடுப்பார்கள். சத்தத்தை அனுப்பச் சொல்லுங்கள். அந்த இடத்தில் யாராவது உப்புக்குச் சண்டை பிடிக்கிறார்களோ என்று கேளுங்கள். பிடித்தால், நீங்கள் கூரையைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.